நோராவிடம் கேட்க ஒரு கேள்வி

பள்ளிக்கூடத்துக் கதைகளுக்கு இந்த வாரம் விடுமுறை. வேதியியல் ஆய்வகத்துக் கூத்துகளை இன்னும் எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சனிக்கிழமை மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, முதலில் என்னை எழுது என்கிறது.

கழற்றிய தொப்பி

மேற்குத் தாம்பரம் பேருந்து நிலையம். காலை ஒன்பதரை மணி வெயில். அயர்லாந்திலிருந்து வந்திருக்கும் எங்கள் விருந்தாளி டெக்லன், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆறடிக்கு மேல் உயரம், எழுபதை நெருங்கும் வயது, வந்த இரண்டே நாளில் சிவந்து தோலுரியத் தொடங்கிவிட்ட மூக்கு. அவருக்கு எதிரே ஒரு மாநகரப் பேருந்து பின்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது.

அப்படி வருவதற்கு அங்கே இடமே இல்லை. இந்தப் பக்கம் இரண்டு ஷேர் ஆட்டோ. அந்தப் பக்கம் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா. நடத்துநர் கீழே இறங்கி, பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே நடந்தார். “வா, வா, வரட்டும், வரட்டும்.” பிறகு ஓங்கி ஒரே தட்டு. பேருந்து நின்றது. பூக்கார அம்மா கூடையை நகர்த்தவில்லை. நகர்த்தத் தேவையும் இருக்கவில்லை. ஒரு சாண் மிச்சம் இருந்தது.

டெக்லன் தொப்பியைக் கழற்றினார்.

“அந்த ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, கவனித்தீர்களா?” என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், அவர்கள் பேசியதையெல்லாம் என் தமிழில் தருகிறேன். “தட்டும் கையைக் கேட்டே ஓட்டுகிறார். முப்பத்தொரு வருஷம் நானும் பேருந்து ஓட்டியிருக்கிறேன். எனக்கு இது வராது.”

அவருடைய மனைவி நோரா, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குள்ளமான, வேகமான பெண்மணி, என் பக்கம் திரும்பினார். “இவரை இங்கேயே விட்டுவிடலாம். சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போனால் போதும்.”

நான் சிரித்தேன். சிரித்ததாகத்தான் நினைக்கிறேன். என் மனம் அங்கே இல்லை. ஒரு மாதமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு கேள்வியில் இருந்தது. குளிக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும்போதும் அதை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். எங்கள் பெண் உங்கள் ஊர் மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் கிடந்தாளே, அவளைப் பெற்ற எங்களுக்கு நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

முதலில் நன்றி சொல்ல வேண்டும். பிறகு இதைக் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த வார்த்தையைப் போடுவது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

புகைப்படத்தின் மூலை

எங்கள் ஒரே பெண் யாழினி, அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் மேற்படிப்பு படிக்கிறாள். தங்கியிருப்பது டெக்லன், நோரா வீட்டு மாடியறை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கிறிஸ்துமஸ் விருந்துப் புகைப்படம் ஒன்றை அவள் அனுப்பியிருந்தாள். நீண்ட மேசை, மெழுகுவர்த்தி, எல்லார் தலையிலும் காகிதக் கிரீடம். நான் பார்த்துவிட்டு ‘அருமை’ என்று பதில் போட்டேன். என் மனைவி சுமதி அப்படியெல்லாம் விடுகிறவள் இல்லை. மகள் அனுப்பும் எந்தப் படத்தையும் இரண்டு விரலால் விரித்து, மூலை மூலையாகப் பார்ப்பாள். ஜன்னல் சாத்தியிருக்கிறதா, தட்டில் சோறு இருக்கிறதா, கழுத்தில் சங்கிலி இருக்கிறதா.

“என்னங்க, இது என்ன?” என்றாள்.

யாழினியின் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் சாய்த்து வைத்திருந்தது. ஊன்றுகோல். ஒன்றல்ல, ஒரு ஜோடி.

உடனே போன் செய்தோம். முதல் நாள் அது வெறும் சுளுக்கு என்றாள். மறுநாள் ‘லேசான விரிசல்’ ஆயிற்று. மூன்றாம் நாள், மழைச் சாலையில் சைக்கிள் சறுக்கியதும், தொடை எலும்பு முறிந்ததும், கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்ததும் வந்தன. நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆறு வாரமும் நாங்கள் தினமும் அவளோடு பேசியிருக்கிறோம். அவள் படுத்திருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறோம்.

அதிலிருந்து எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணிடம்கூட, “சொல்லுங்கம்மா, யாருக்கு என்ன ஆச்சு?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. டெக்லனும் நோராவும் தை மாதத்தில் தமிழ்நாட்டைப் பார்க்க வருகிறார்கள். மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போவதற்கு முன்னால், ஒரு நாள் யாழினியின் ஊரைப் பார்க்க வேண்டுமாம்.

பின்னால் வந்த காலி கார்

நான் போட்டிருந்த திட்டம் வேறு. வண்டலூர் மிருகக்காட்சி சாலை, திருநீர்மலை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. வெயில் படாமல், தூசி படாமல், ஏசி காரில். காருக்கு ஏகாம்பரம் அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

ஏகாம்பரம் இந்த மண்ணின் பூர்வகுடி. எங்கள் நகர் நிற்கும் இடமே அவர் அப்பாவின் நெல் வயல்தான். யாராவது அதைச் சொல்லி உச்சுக்கொட்டினால் அவருக்குப் பிடிக்காது. “நெல்லு வெச்சிகினு இருந்தா இன்னிக்கு நான் மூணு கார் ஓட்டுவேனா சார்?” என்பார். மூன்று காருக்கு முதலாளி. ஆனாலும் வெளிநாட்டுக்காரர்கள் என்றதும் தானே ஓட்ட வந்துவிட்டார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

நோராவோ கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். யாழினி கைப்பட எழுதிக் கொடுத்தது. முதல் வரி: தாம்பரத்திலிருந்து பொத்தேரி வரை டவுன் பஸ், ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இடம். நாலு வருஷம் அவள் கல்லூரிக்குப் போன வழி.

நான் காரைக் காட்டினேன். டெக்லன் பேருந்தைக் காட்டினார். அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்தால் மறுக்க முடியாது.

ஏகாம்பரத்துக்குத்தான் பொறுக்கவில்லை. “இன்னா சார் இது பேஜாரா கீது. ஏசி போட்டு, சீட்டெல்லாம் தொடச்சி வெச்சிகீறேன். அவுங்க பஸ்ல போறேன்னா நான் இன்னா பண்றது?”

“பின்னாலயே வந்துடுங்கண்ணா. நடுவுல அவங்களுக்கு மயக்கம் கியக்கம் வந்தா?”

“காலி வண்டியா?”

“தண்ணி பாட்டில் எல்லாம் அதுலதானே இருக்கு.”

“தண்ணி பாட்டிலுக்கு ஏசி,” என்றார் ஏகாம்பரம், சாவியைச் சுழற்றிக்கொண்டே. “நடத்து வாத்தியாரே.”

ஆக ஜி.எஸ்.டி. சாலையில் அன்றைக்கு ஒரு ஊர்வலம் போயிற்று. முன்னால் செங்கல்பட்டு பஸ். அதன் வாலைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக் கார், அதில் தனியாக ஒரு மனிதர், பின் சீட்டில் ஆறு தண்ணீர் பாட்டில்.

டெக்லன் உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஓட்டுநர் என்னைக் கேட்டுவிட்டார்.

“யாரு சார் அவரு? செக்கிங் மாதிரி நிக்கிறாரு.”

“அயர்லாந்துக்காரர். உங்க தொழில்தான். பஸ் டிரைவரா இருந்தவர்.”

ஓட்டுநர் கண்ணாடியில் டெக்லனை ஒருமுறை அளந்தார். “எத்தினி வருஷம்?”

“முப்பத்தொண்ணு.”

“ஆக்சிடன்ட்?”

அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல எனக்கு ஒரு நொடி பிடித்தது. டெக்லன் யோசிக்காமல் பதில் சொன்னார். “ஒன்று. ஒரு செம்மறியாடு.”

“நமக்கு அதுவும் கிடையாது சார்,” என்றார் ஓட்டுநர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு பக்கமும் இருசக்கர வாகனங்கள் உரசிக்கொண்டு போயின. ஒருவன் தோளில் சிலிண்டர் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்து போனான். இவ்வளவையும் இவர் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார் என்று டெக்லன் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“பொறுக்கறது இன்னா சார். திட்டுவோம். வாய் வலிக்கத் திட்டுவோம். ஆனா மேல பட வுட மாட்டோம்.”

இதை நான் மொழிபெயர்த்ததும் டெக்லன் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். முப்பது வருஷமாக நான் இந்தச் சாலையில் போகிறேன். வழியெல்லாம் எரிச்சல்பட்டுக்கொண்டே போயிருக்கிறேன். பீர்க்கன்காரணை ஏரியில் அத்தனை பறவை இருக்கிறதென்று அன்றைக்கு நோரா ஜன்னல் வழியே கையைக் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. வண்டலூரில் ஏறிய ஒரு பெண், நிற்க முடியாத கூட்டத்தில், முன்பின் தெரியாத நோராவின் மடியில் தன் குழந்தையை வைத்துவிட்டுச் சீட்டு வாங்க நகர்ந்தாள். நோரா அந்தக் குழந்தையை ஊரப்பாக்கம் வரைக்கும் இரண்டு கையாலும் கண்ணாடிப் பாத்திரம்போலப் பிடித்துக்கொண்டிருந்தார். “என்னை யாரென்றே அவளுக்குத் தெரியாதே,” என்று மூன்று முறை சொன்னார்.

பொத்தேரியில் இறங்கி, தாளில் எழுதியிருந்த டீக்கடையைத் தேடிப் பிடித்தோம். கடைக்கார அக்காவிடம் நோரா, போனில் யாழினியின் படத்தைக் காட்டினார். அந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“ஞாபகம் இல்ல சார். பொய் சொல்லக் கூடாது. எத்தினியோ பொண்ணுங்க வருது, போவுது.” அப்புறம் இன்னொரு முறை பார்த்தார். “நல்லா கீதா இந்தப் பொண்ணு?”

“நல்லா இருக்காம்மா,” என்றேன். சொல்லும்போதே நோராவைப் பார்த்தேன். கேள்வியை அவருக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை; ஆனாலும் புரிந்திருக்க வேண்டும். அவர் குனிந்து டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டிருக்கலாம். அங்கேயே கேட்டிருக்கலாம். நான் இன்னொரு டீ சொன்னேன்.

முடிச்சூர் சாலை

திரும்பும்போது டெக்லன் பெரிய மனது வைத்து காரில் ஏறினார். முன் சீட்டில். ஏகாம்பரத்துக்கு ஆங்கிலம் வராது, டெக்லனுக்குத் தமிழ் வராது. ஆனால் வழி முழுக்கப் பேசினார்கள். ஒருவர் கியரைத் தொட்டுக் காட்டினால் இன்னொருவர் தலையாட்டினார். கிளட்சைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் போயிருக்கும்.

எங்கள் வீடு முடிச்சூர் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. வாசலில் நுழைந்ததும் நோரா, கூடத்துச் சுவரில் இடுப்புயரத்தில் ஓடும் பழுப்புக் கோட்டைக் கேட்டார். பெருவெள்ள வருஷத்தின் கோடு அது. மூன்று முறை வெள்ளையடித்தும் மறுபடி மறுபடி மேலே வந்துவிடுகிறது. அப்போது யாழினி ஒன்பதாம் வகுப்பு. ஏகாம்பரம் எங்கிருந்தோ லாரி டியூபைக் கொண்டுவந்து, அதில் அவளை உட்காரவைத்து, கழுத்தளவுத் தண்ணீரில் பிரதான சாலை வரை தள்ளிக்கொண்டு போனார். அவள் மடியில் எங்கள் பத்திரங்களும் சான்றிதழ்களும் இருந்த பை. நானும் சுமதியும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்காக அவர் இரண்டாம் நடை வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

இதை நான் சொன்னபோது டெக்லன் எழுந்து போய் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எதுக்கு சார் கை குடுக்கிறாரு?”

“டியூப் கதை சொன்னேன்.”

“அத்த போய் இன்னா சார் சொல்லிகினு,” என்று ஏகாம்பரம் வாசல் பக்கம் போய்விட்டார்.

சாப்பாடு தயாராக இருந்தது. உருளைக்கிழங்கு வறுவல், முருங்கைக்காய் சாம்பார், அவர்களுக்காகக் காரம் குறைத்த ரசம், பால் பாயசம். சுமதியின் ஆங்கிலத்துக்கு இலக்கணம் கிடையாது. அதைப் பற்றிய கவலையும் அவளுக்குக் கிடையாது. நான் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் திருத்தி முடிப்பதற்குள் அவள் நாலு விஷயம் பேசி முடித்திருப்பாள். நோராவும் அவளும் அரைமணி நேரத்தில் சமையலறைக்குள் ஒன்றாக நின்றார்கள்.

அப்போதுதான் குடிக்கும் தண்ணீர் தீர்ந்தது. நான் கூடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன்; சுமதி, மூலையிலிருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனின் கழுத்தைப் பிடித்துக் குனிகிறாள்.

“சுமதி, தூக்காதே.”

அது கத்தல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் டெக்லனின் கரண்டி தட்டில் விழுந்தது. ஏகாம்பரம் வாசலிலிருந்து ஓடிவந்து, ஒரு கேள்வியும் கேட்காமல், கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்தார். அவருக்கு விஷயம் தெரியும்.

நோராவுக்குத் தெரியாது. “முதுகு வலியா?” என்று சுமதியைக் கேட்டார்.

“முதுகு இல்ல. ஆபரேஷன்,” என்றாள் சுமதி, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு. “கர்ப்பப்பை. எடுத்தாச்சு. மே மாசம். கேன்சரோன்னு பயந்தோம், பத்து நாள். இல்லன்னுட்டாங்க.” அப்புறம் இன்னும் சாதாரணமாக, “யாழினிக்குத் தெரியாது. அவளுக்கு அப்போ பரீட்சை. நீங்க சொல்லிடாதீங்க.”

நோரா கையிலிருந்த தம்ளரை மேடைமேல் வைத்தார். “டெக்லன், கேட்டாயா?”

“கேட்டேன்,” என்றார் டெக்லன்.

நோரா சொன்னது

“இதே வார்த்தை,” என்றார் நோரா. “உங்கள் பெண் என்னிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். அம்மா அப்பாவுக்குச் சொல்லிவிடாதீர்கள். அப்பா தூங்க மாட்டார். அம்மா மறு விமானத்தில் கிளம்பிவிடுவாள்.”

ஒரு மாதமாகத் தயார் செய்த என் வாக்கியம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நன்றி என்ற பகுதியும் போய்விட்டது. “ஒரு போன் செய்திருக்கலாமே,” என்று மட்டும் வந்தது. அதுவும் தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

நோரா கூடத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“உங்கள் எண் என்னிடம் இருந்தது. முதல் நாளே மருத்துவமனை வாசலில் நின்று போட்டேன். போன் ஒருமுறை ஒலித்ததும் வைத்துவிட்டேன். அவள் சின்னக் குழந்தை இல்லை, சுயநினைவோடு இருக்கிறாள், வேண்டாம் என்கிறாள். அதை மீற எனக்கு உரிமை இருக்கிறதா? எனக்குப் பிள்ளை இல்லை. யாரைக் கேட்பது? தினமும் உங்களை நினைத்தேன். முகம் தெரியாத ஒரு மனிதரிடம் தினமும் பொய் சொல்கிறேன் என்று நினைத்தேன்.”

“நீங்கள் பொய் சொல்லவில்லையே,” என்றேன்.

நோரா டெக்லனைப் பார்த்தார். டெக்லன் மூக்கைத் தேய்த்தார். “போர்வையைச் சொல்லிவிடு,” என்றார்.

யாழினிக்குச் சுமதி பெட்டியில் வைத்து அனுப்பிய நீலப் போர்வை ஒன்று உண்டு. அவள் அறைச் சுவரில் அதைத்தான் மாட்டியிருப்பாள். வீடியோவில் பேசும்போதெல்லாம் பின்னால் தெரியும். விபத்துக்கு மறுநாள் அதைக் கொண்டுவரச் சொன்னாளாம். மருத்துவமனைச் சுவரில் ஆணி அடிக்க முடியாது, ஒட்டவும் விட மாட்டார்கள். எனவே எங்களோடு அவள் பேசிய ஒவ்வொரு நாளும், கட்டிலின் தலைமாட்டில் இந்தப் பக்கம் டெக்லன், அந்தப் பக்கம் நோரா, இரண்டு பேரும் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றிருக்கிறார்கள். பன்னிரண்டு நாள்.

“எனக்கு உயரம் போதாது,” என்றார் நோரா. “நாற்காலி மேல் ஏறி நிற்பேன்.”

“ஒருநாள் உங்கள் குரல் கேட்டது,” என்றார் டெக்லன் என்னைப் பார்த்து. “நீங்கள் ஏதோ கேட்டீர்கள். அவள் எங்களை முறைத்தாள்.”

எனக்கு ஞாபகம் வந்தது. பின்னால் துணி ஆடுகிறதே, இந்தக் குளிரில் ஃபேன் போட்டிருக்கிறாயா, சளி பிடிக்கும் என்று கேட்டேன். அது ஹீட்டர் காற்றுப்பா என்றாள். நம்பினேன்.

சுமதி என்னைப் பார்த்தாள். சொல்லுங்க என்பதுபோலத் தலையை அசைத்தாள். நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

அவளுக்கு ஆபரேஷன் ஆன அன்று சாயங்காலம், நான் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரில் தொங்கிய முருகன் படம் போட்ட மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு போனேன். மருத்துவமனையில் அவள் கட்டிலுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் அதை மாட்டினேன். நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்தி, குங்குமம் வைத்து, காலண்டர் முழுசாகத் தெரிகிறதா என்று நாலு கோணத்தில் பார்த்துவிட்டுத்தான் யாழினிக்கு வீடியோ போட்டேன். ‘என்னம்மா டல்லா இருக்க?’ என்று கேட்டாள். வெயில்டி என்றாள் இவள். ஐந்து நாள் அப்படி ஓட்டினோம்.

முதலில் சிரித்தது டெக்லன். அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. அப்புறம் சுமதி. அப்புறம் நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கு மட்டும் அது பாதி வழியில் வேறாக மாறிவிட்டது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

“இன்னா சார், இன்னா சிரிப்பு?” என்றார் ஏகாம்பரம், இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்க வூட்லயும் அதான் சார். எங்கப்பா செத்துப் பூட்டத எங்க அண்ணனுக்கு மூணு நாள் கழிச்சித்தான் சொன்னோம். துபாய்ல இருந்தான். லீவு குடுக்க மாட்டாங்க, அங்க தனியா இன்னா பண்ணுவான்னு. நல்லதுன்னுதான் பண்ணோம்.” தண்ணீரைக் குடித்தார். “அவன் இன்னி வரிக்கும் என்னாண்ட சரியா பேசறதில்ல.”

இதை நான் நோராவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்ச நேரம் ஏகாம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுமதியின் பக்கம் திரும்பினார்.

“உங்கள் ஆபரேஷனைப் பற்றி நான் அவளிடம் சொல்ல மாட்டேன். அது உங்கள் செய்தி. ஆனால் இனி யாருக்காகவும் போர்வை பிடிக்க மாட்டேன். எனக்கு வயதாகிவிட்டது.”

“அவள் உண்மையிலேயே நன்றாக இருக்கிறாளா?” என்று கேட்டேன். ஒரு மாதமாக நான் சுமந்த கேள்விக்கு அடியில் இருந்தது இதுதான்.

“அதை அவளைத்தான் கேட்க வேண்டும்,” என்றார் நோரா. மெதுவாகத்தான் சொன்னார். என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

யோசித்துப் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ரத்த உறவில்லாத ஒரு பெண்ணுக்காக நாற்காலியில் ஏறி நின்றவர், அவளிடம் கொடுத்த வாக்கை அவளைப் பெற்றவனுக்கு முன்னாலும் மீறவில்லை. கோபத்தோடு கேட்க வந்தவன், அன்றைக்கு அவர் முன்னால் பள்ளிக்கூடப் பையன்போல உட்கார்ந்திருந்தேன்.

பிளாட்பாரத்தில்

நாலு மணி மின்சார ரயிலில் அவர்களைத் தாம்பரம் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம். சுமதி நோராவுக்குக் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி கொடுத்திருந்தாள். டெக்லன் வாசலருகே நின்று, ரயில் நகர்ந்த பிறகும் ஏகாம்பரத்துக்கு ஸ்டியரிங் சுற்றிக் காட்டிக்கொண்டே போனார். ஏகாம்பரம் பதிலுக்கு ஹாரன் அடிப்பதுபோல் காற்றை அழுத்தினார். பிறகு, “நான் வண்டியாண்ட கீறேன் சார், மெதுவா வாங்க,” என்று எங்களைத் தனியே விட்டுப் போனார்.

நாங்கள் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே காலை பதினொன்று இருக்கும். சனிக்கிழமை, அவள் அறையில்தான் இருப்பாள்.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டா?” என்றேன்.

“நானே சொல்றேன். நீங்க இழுப்பீங்க.”

சுமதி இழுக்கவில்லை. மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள். திரையில் யாழினியின் முகம் அப்படியே நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“எப்போ?” என்றாள்.

“உன் பரீட்சை நேரத்துல.”

“பரீட்சை முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சும்மா.”

அவள் அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். “வேற ஏதாவது இருக்கா? இப்பவே சொல்லிடுங்க.”

“இல்லடி,” என்றாள் சுமதி. பிறகு கொஞ்சம் யோசித்து, “உங்கப்பாவுக்கு பிரஷர் மாத்திரை அரையிலிருந்து ஒண்ணாச்சு. அவ்ளோதான்.”

“அப்பா.”

“அவ்ளோதாம்மா. சத்தியமா.” போனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். “உனக்கு?”

சென்னைக் கடற்கரைக்குப் போகும் வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொல்லி முடித்தது.

“இடது கால் கொஞ்சம் குட்டைப்பா. ஒரு சென்டிமீட்டர். ஷூவுக்குள்ள அட்டை மாதிரி ஒண்ணு வெச்சிக்கிறேன். வெளிய தெரியாது. டாக்டர் அது அப்படியேதான் இருக்கும்னுட்டார்.”

சுமதி என் கையிலிருந்து போனை வாங்கினாள். உடைந்துபோவாள் என்று நினைத்தேன்.

“போனை எங்கயாவது சாய்ச்சு வெச்சிட்டு நடந்து காட்டு,” என்றாள்.

“அம்மா, ஷூ கீழ இருக்கு, போட்டுக்கிட்டு...”

“ஷூ வேணாம். சும்மா நட.”

திரையில் முதலில் கூரை தெரிந்தது. பிறகு தரை. பிறகு ஜன்னலோரத்தில் அவள், பழைய பைஜாமாவும் சாக்ஸுமாக. எங்களைப் பார்க்காமல், கதவைப் பார்த்து நடந்தாள். ஒவ்வொரு இடது அடிக்கும் உடம்பு ஒரு துளி இறங்கி ஏறியது. மேடு பள்ளம் இல்லாத தரையில் ஒரு சின்னக் குழியை மிதித்துப் போவதுபோல இருந்தது. கதவருகே போய்த் திரும்பி நின்றாள். போதுமா என்று கேட்கவில்லை.

கடற்கரை வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் எங்கள் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுமதி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“இன்னொரு தடவை,” என்றாள். “மெதுவா.”